கிரீஸ் நாட்டுப் பாட்டில்

கப்பல் வேலையிலிருந்து விடுமுறைக்கு வரும் தம்பியின் சூட்கேஸ் திறக்கப்படும்போது நீரஜா தரையில் சம்மணம் போட்டு அருகிலேயே உட்கார்ந்துவிடுவார். சென்ட், சாக்லேட், ஷேவிங் கிரீம் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்து மற்றவர்கள் மடியில் போய்ச் சேரும். அவர் எதையும் தொடமாட்டார். எல்லாவற்றுக்கும் அடியில், துண்டில் சுற்றி, அவருக்கென்று ஒரு பாட்டில் இருக்கும். அதில் ஆலிவ் எண்ணெய் இருக்கும். லேபிள் இருக்காது. இருந்தால் வாங்கமாட்டார்.

"கடையில வாங்கலியே?"

"இல்லேக்கா. ஆட்டற எடத்துலயே பிடிச்சுண்டு வந்தேன்."

"எந்த நாடு?"

"கிரீஸ்."

நீரஜா பாட்டிலை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஆறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த பாட்டில் அது.

அடையாற்றில் ஒரு தனியார் பரிசோதனைக்கூடத்தில் அவர் எண்ணெய்ப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறார். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், நெய் என்றிருந்த இடத்துக்கு, இறக்குமதிக் கதவு திறந்தபின் ஆலிவ் எண்ணெயும் வர ஆரம்பித்தது. கலப்படமா என்பதைச் சொல்வது அவருக்குப் பெரிய வேலையல்ல. எந்த நாட்டு எண்ணெய் என்று சொல்வதுதான் வேலை. எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்களைப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு குன்றாகக் காகிதத்தில் வரைந்து தள்ளும் கருவி ஒன்று அங்கே இருக்கிறது. மண்ணும் மரமும் வெயிலும் மாறினால் குன்றுகளின் உயரமும் மாறும். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க, பிறந்த இடத்தில் சந்தேகமில்லாத எண்ணெய் கையில் வேண்டும். கூடம் அதை வாங்கித் தராது. ஆகவே வெளிநாடு போகிறவர்கள் யாராயிருந்தாலும் அவரிடமிருந்து தப்ப முடியாது. கிடைத்தவை கூடத்து ஃபிரிட்ஜின் மேல்தட்டில் அகரவரிசையில் நிற்கின்றன: இத்தாலி, கிரீஸ், துருக்கி, துனிசியா, ஸ்பெயின்.

இந்தப் பழக்கம் வீட்டிலும் கடைவீதியிலும் தொடர்கிறது. ரசத்தில் உப்பு சரியா என்று கேட்டால், "என் தட்டுல விழுந்த ரசத்துல சரியா இருக்கு" என்பார். மயிலாப்பூர் மாட வீதியில் கத்திரிக்காய் விற்கும் வேலம்மாவிடம் தினமும் எந்த ஊர்க் காய் என்று விசாரிப்பார். "கூடையிலேர்ந்து வருது. வோணும்னா எடு, இல்லாங்காட்டி உடு" என்பாள் வேலம்மா. அந்தப் பதில் நீரஜாவுக்குப் பிடிக்கும். தெரிந்ததற்கு மேல் ஒரு சொல் இல்லை.

கிரீஸ் வந்து சேர்ந்த மாதமே வலியுல்லாவும் வந்தார். ராயப்பேட்டையில் மருந்துக்கடை வைத்திருப்பவர். பம்பாய் ஏஜெண்டு ஒருவரை நம்பி, கிரீஸ் என்று அச்சிட்ட டின்களாக வாங்கிப் போட்டிருந்தார்.

"ஓட்டல் செஃப் ஒத்தக்கால்ல நிக்கிறாரு மேடம், கிரீஸ் எண்ணெதான் வோணும்னு. நீங்க கிரீஸ்னு ஒரு வரி எய்திக் குட்த்தா வருசம் பூரா ஆர்டரு நம்பளுது. இல்லேன்னா செத்தேன். கட்டிலுக்குக் கீய பூரா டின்னு. எம் பொஞ்சாதி ஹாஜிரா டெய்லி திட்டிக்கினு கீறா."

"பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார் நீரஜா.

வலியுல்லாவின் எண்ணெயையும் தம்பியின் எண்ணெயையும் ஒரே நாளில் கருவியில் ஏற்றினார். இரண்டு காகிதங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பெரிய குன்றின்மேல் பெரிய குன்று, சின்னக் குன்றின்மேல் சின்னக் குன்று. ஒன்றுகூட விலகவில்லை. வேறொருவராக இருந்தால் அங்கேயே கையெழுத்துப் போட்டிருப்பார். ஒரே தோட்டத்து எண்ணெய்கூட வருடத்துக்கு வருடம் கொஞ்சம் மாறும், இப்படி அச்சாக ஒத்துப்போகாது என்பது நீரஜாவுக்குத் தெரியும். தவிர, கிரீஸ் எண்ணெயில் குட்டையாக இருக்கவேண்டிய ஒரு குன்று இரண்டிலுமே நெட்டையாக நின்றது, அவருடைய துனிசியா பாட்டிலில் நிற்பதுபோல.

ஞாயிற்றுக்கிழமை தம்பி பரத்வாஜ் வந்து அடை சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"பரத், கிரீஸ்ல எந்த ஊர்ல பிடிச்சே?"

"துறைமுகத்துக்குப் பக்கத்துலக்கா."

"துறைமுகத்துல ஏதுடா ஆலிவ் மரம்?"

"பக்கத்துலன்னுதானே சொன்னேன்."

நீரஜா காகிதங்களை அவன் முன்னால் பிடித்தார். "இது நீ கொண்டுவந்தது. இது ராயப்பேட்டைலேர்ந்து வந்தது. எங்கேயாவது வித்தியாசம் தெரியறதா சொல்லு."

பரத்வாஜ் கப்பல் இன்ஜினியர். வரைபடம் படிக்கத் தெரிந்தவன். அடையைக் கீழே வைத்தான்.

"கப்பல் அங்கே நிக்கவே இல்லேக்கா. வழியை மாத்திட்டா. நீ ஆறு வருஷமா கேட்டுண்டிருக்கே, வெறுங்கையோட எப்படி வரதுன்னு..."

"எங்கே வாங்கினே?"

"ராயப்பேட்டைல ஒரு மெடிக்கல்ஸ். டின்ல கிரீஸ்னு கொட்டை எழுத்துல போட்டிருந்தது. பாய் அசல்னு அடிச்சுச் சொன்னார்."

"அசலான்னு அவர்தான் என்னைக் கேட்டுண்டிருக்கார்."

நீரஜா காகிதங்களை மடித்துவைத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பினார்.

"இன்னொரு அடை போடட்டுமா?" என்றார் நீரஜா.

"போடுக்கா."

வலியுல்லா ரிப்போர்ட் வாங்க வந்தபோது உட்காரவில்லை. "ஒத்துப்போச்சா மேடம்?"

"முழுக்க ஒத்துப்போச்சு. உங்க எண்ணெயோட உங்க எண்ணெய்."

தம்பி செய்ததை நீரஜா ஒளிக்காமல் சொன்னார். வலியுல்லாவின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. "ஒசரமா, கண்ணாடி போட்டுக்கினு? டின்னு வோணாம், பாட்டில்ல ஊத்திக் குடுன்னாரே! நாந்தான் மேடம் புனல் வெச்சு ஊத்தினேன், ஒரு சொட்டு சிந்தல!" பிறகுதான் காகிதத்தைப் படித்தார். ஆலிவ் எண்ணெய்தான். கலப்படம் இல்லை. கிரீஸ் நாட்டது என்று சொல்ல ஆதாரம் இல்லை. துனிசியா எண்ணெயின் தன்மையை ஒத்திருக்கிறது.

"அந்த மூணாவது வரிய மட்டும் உட்டுட முடியாதா மேடம்?"

"மூணாவது வரிக்குத்தானே நீங்க வந்தீங்க?"

வலியுல்லா காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். வெளியே போகவில்லை; கதவருகே நின்றார்.

"செஃபு இனிமே வாங்கமாட்டாரு. கொயந்தைங்களுக்குத் தேய்க்கக் குடுக்க வேண்டியதுதான். எந்த ஊரு எண்ணென்னு கொயந்தைங்க கேக்காது." கொஞ்சம் பொறுத்து, "கட்டிலாண்டதான் இன்னும் நாலு வருசத்துக்கு எடம் இருக்காது" என்றார்.

நீரஜா எழுந்தார். ஃபிரிட்ஜைத் திறந்து கிரீஸ் பாட்டிலை எடுத்தார். தாமே எழுதியிருந்த லேபிளை நகத்தால் சுரண்டி எடுத்து, ஒட்டியிருந்த பசையை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தார். புதிய காகிதத்தில் 'ராயப்பேட்டை' என்று எழுதி ஒட்டினார். பிறகு அதை எடுத்த இடத்தில் வைக்காமல், துனிசியாவுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவில், அகரவரிசைப்படி, நகர்த்தி நிறுத்தினார்.