மணிக்கயிற்றுக்கு ஓர் உபகமிட்டி

அந்தத் தேவாலயத்தில் பதவிக்குப் பஞ்சமே இல்லை. மேலே பேராயர், அவருக்குக் கீழே ஆயர், ஆயரைக் கேள்வி கேட்க மூப்பர்கள், மூப்பர்களைக் கேள்வி கேட்கக் கமிட்டி, கமிட்டிக்கு ஒரு செயலர், ஒரு பொருளாளர். எல்லாருக்கும் கீழே கோயில்பிள்ளை. ஐம்பத்தெட்டு வயதாகியும் பிள்ளைதான். கதவு திறப்பது, பெஞ்சு துடைப்பது, பீடத்து விரிப்பை மாற்றுவது, மணி அடிப்பது எல்லாம் அவர் தலையில்தான்.

இருபத்தாறு வருஷமாக அங்கே எத்தனையோ கல்யாணம். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு மணப்பெண் உள்ளே நுழைவதை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் கோபுரத்தின் அடியில் கயிறும் கையுமாக நிற்பார். இப்போது சொந்த மகளுக்கே கல்யாணம். அவளைப் பீடம் வரை தானே கூட்டிப்போக வேண்டும் என்ற ஆசையைத் தவிர அவருக்கு வேறு ஒன்றும் இல்லை.

"அன்னிக்கு ஒரு நாள் மட்டும் வேற யாராவது மணி அடிச்சா நல்லாருக்கும் ஐயா" என்று செயலரிடம் கேட்டார்.

செயலர் விதிப்புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினார். "நீங்க லீவு போட்டா யார் அடிக்கணும்னு இதுல இல்லையே. கமிட்டியில வச்சுதான் முடிவு பண்ணணும்."

கமிட்டி கூடியது. மூப்பர் ஒருவர் தன் பதவிக்குக் கயிறு இழுப்பது அழகல்ல என்றார். பொருளாளருக்கு இடுப்புவலி. ஆயர் அடிக்கலாமே என்றால், அதற்குப் பேராயரிடம் எழுதிக் கேட்க வேண்டுமாம். கடைசியில் மூன்று பேர் கொண்ட உபகமிட்டி போட்டார்கள். அது இரண்டு முறை கூடி, டீ குடித்து, 'தகுந்த ஏற்பாடு செய்யப்படும்' என்று தீர்மானம் எழுதியது. யார் செய்வது என்பதை மட்டும் எழுதவில்லை.

"எப்படி அடிக்கணும்னு நான் காட்டித் தர்றேன். அஞ்சு நிமிஷ வேலைதான்" என்றார் கோயில்பிள்ளை.

"கயிறு இழுக்க டிரெய்னிங்கா?" என்றார் செயலர். கமிட்டியே விழுந்து விழுந்து சிரித்தது.

வீட்டில் மனைவி, "பேசாம நீங்களே மணிய அடிங்க. என் தம்பி அவளைக் கூட்டிட்டுப் போகட்டும்" என்றாள். அவர் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

கல்யாண நாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கோயில்பிள்ளை வாசலில் நின்றார். மணி கேட்டால்தான் ஆர்கன் தொடங்கும். ஆர்கன் தொடங்கினால்தான் ஆயர் எழுந்திருப்பார். எல்லாரும் எல்லாருக்காகவும் காத்திருந்தார்கள். செயலர் வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார். "என்னய்யா நிக்கிறீங்க? மணி அடிங்க!"

"இன்னிக்கு நான் பொண்ணுக்கு அப்பா, ஐயா."

வாழ்நாளில் அவர் செயலரை எதிர்த்துச் சொன்னது இவ்வளவுதான். செயலர் பல்லைக் கடித்துக்கொண்டு தானே கோபுரத்துக்குப் போனார்.

மணி ஒருமுறை அடித்தது. நின்றது. செயலர் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார் போலும். மறுபடி ஒரு அடி. மறுபடி இடைவெளி. கல்யாணத்துக்கு விடாமல் அடிக்க வேண்டும்; இப்படி விட்டுவிட்டு அடித்தால் சாவு. எதிர்வீட்டுக் கதவு திறந்தது. "யார் போயிட்டாங்க?" என்று ஒரு குரல் கேட்டது. பெஞ்சுகளில் இருந்தவர்கள் பதறிப்போய்த் திரும்பிப் பார்த்தார்கள்.

கோயில்பிள்ளைக்குக் கை பரபரத்தது. ஓடிப்போய் நாலு இழுப்பு இழுத்தால் சரியாகிவிடும். கால் தானாகவே கோபுரத்துப் பக்கம் திரும்பியது.

மகள் அவர் கையை இறுக்கிப் பிடித்தாள். "எங்கயும் போகாதீங்கப்பா."

அந்தச் சாவு மணிக்கே இருவரும் உள்ளே நடந்தார்கள்.