எண்ணெய்க்காரரின் ஹெட்லைட்

தையல் மிஷின் ஒன்று நின்றுபோனால் அந்த ஆயத்த ஆடைக் கம்பெனியில் முதலில் எழுகிற கேள்வி, "எண்ணெய் எங்கே?" என்பதுதான். எண்ணெயைத் தேடி யாரும் அப்படிக் கேட்பதில்லை. மெக்கானிக்கைத்தான் தேடுகிறார்கள். சட்டைப் பையில் எண்ணெய்க் குப்பி, இடுப்பில் செருகிய துணி, பத்து விரலிலும் பளபளப்பு. இப்படி ஒரு மனிதருக்கு வேறு பட்டப்பெயர் வைத்தால்தான் அதிசயம்.

அந்த இடுப்புத் துணி அவருக்கு இன்னொரு கை மாதிரி. ஊசியோ ஸ்க்ரூவோ பல் சக்கரமோ, எதையும் துடைக்காமல் மாட்ட மாட்டார். "துடைக்காம மாட்டினா, தொலைச்சிட்டுத் தேடணும்" என்று புதிதாகச் சேர்ந்த பெண்களிடம் சொல்வார். சாப்பாட்டு டப்பாவின் மூடியையும் துடைப்பார், மூக்குக்கண்ணாடியையும் அதே துணியால் துடைப்பார். துடைத்த பிறகு உலகம் கொஞ்சம் மங்கலாகத் தெரியும். வயதாகிறது என்று நினைத்துக்கொள்வார்.

தொழில் மிஷின் என்றாலும் அவருடைய உயிர் மோட்டார் சைக்கிளில்தான் இருந்தது. வாங்கிய நாளிலிருந்து அதில் வேறு எவன் ஸ்பானரும் பட்டதில்லை. தன் கையே தனக்கு உதவி என்பது அவர் கொள்கை. அந்தக் கை செய்த உதவியைத்தான் இனிமேல் பார்க்கப் போகிறோம்.

வண்டியோடு வந்த ஹெட்லைட் பல்பு வருடக்கணக்கில் எரிந்து, ஒருநாள் நிம்மதியாகக் கண்ணை மூடியது. அது போனதில் யாருக்கும் வருத்தமில்லை. அடுத்து வந்தது ஒரு மாதம் தாங்கவில்லை. அதற்கடுத்தது அதையும்விட அற்பாயுசு. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் கண்ணாடி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தபடி, இவர் தலை தெரிந்ததுமே பல்பு அலமாரிப் பக்கம் கையை நீட்ட ஆரம்பித்தார்.

"எந்தப் பல்பு வேணும்ணே?"

"எரியிற பல்பு."

"எல்லாமே எரியிறதுதாண்ணே. கடையில இருக்கிற வரைக்கும் ஒரு குறையும் இல்லை."

மலிவானதை வாங்கிப் பார்த்தார். விலை கூடியதை வாங்கிப் பார்த்தார். நீலச் சாயம் பூசியது ஒன்று வந்தது. அது சாலையைவிட அவர் முகத்தைத்தான் அழகாகக் காட்டியது. பவர் கூடினால் ஆயுள் கூடும் என்று தானே ஒரு விஞ்ஞானம் கண்டுபிடித்து, இரண்டு மடங்கு வாட்ஸில் ஒன்றை மாட்டினார். பல்பு ஹோல்டரையே உருக்கிவிட்டுத்தான் அணைந்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக வயரையும் சேர்த்து மாற்ற வேண்டி வந்தது. எல்இடி வாங்கினார். அது மரத்தில் தூங்கும் காக்கைகளுக்கெல்லாம் வெளிச்சம் காட்டியது, சாலையில் இருந்த பள்ளத்துக்கு மட்டும் காட்டவில்லை. எதிரே வந்தவர்கள் திட்டிய திட்டில் கழற்றி வைத்துவிட்டு மறுபடி பழைய வகைக்கே வந்தார்.

பல்பு போகப் போக, குற்றவாளிப் பட்டியலும் நீண்டது. முதலில் பல்பு செய்தவன். பிறகு சாலை போட்டவன். அப்புறம் பாட்டரி. மீட்டர் வைத்துப் பார்த்தார், மின்சாரம் ஒழுங்காகத்தான் இருந்தது. மழையைச் சொன்னார், மழை நின்ற பிறகு வெயிலைச் சொன்னார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் கூடத்தை விட்டுத் தெருவரைக்கும் போய்விட்டார்.

கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் சும்மா விடுவாரா. "எண்ணெய், இன்னைக்கும் பல்பு வாங்கினீங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் துணிக் கட்டுக்குப் பின்னால் போய் நிற்பார். இவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். "என்னை மாதிரி நாலு பேர் இருந்தா போதும் மாஸ்டர், பல்பு கம்பெனிக்காரன் பேரப்பிள்ளைங்க வரைக்கும் கவலையில்லை" என்பார். தன்னை முதலில் தானே கிண்டல் செய்துவிட்டால் அடுத்தவன் கிண்டல் அவ்வளவாக வலிக்காது. அவர் பிழைப்பே அப்படித்தான் ஓடியது.

ஆனால் அவருடைய மனைவியிடம் அந்த வித்தை பலிக்கவில்லை. அவள் மூக்குக்கண்ணாடி லென்ஸ் தயாரிக்கும் ஆலையில் வேலை பார்த்தாள். இருட்டத் தொடங்கும் நேரத்தில் ஷிப்ட் முடியும். இவர் வாசலில் காத்திருந்து ஏற்றிக்கொண்டு வருவார். வீட்டில் அவருடைய அப்பாவின் டிவி, மகளின் டியூஷன் பிள்ளைகள், சமையல், துவைத்த துணி என்று இரண்டு பேரும் முகம் பார்த்துப் பேச இடமே கிடையாது. இந்தப் பயணத்தில்தான் அவள் பேசுவாள். சூப்பர்வைசர் முறைத்தது, முட்டி வலிப்பது, அக்கா போனில் அழுதது, எல்லாம் அவர் தோளுக்கு மேலே வந்து காதில் விழும். அவர் பெரும்பாலும் "ம்" என்பார். அந்த "ம்" சொல்வதற்காகவே அவர் நாள் முழுக்கக் காத்திருப்பார் என்று அவளுக்குத் தெரியாது. அவரும் சொன்னதில்லை.

லைட் போன நாட்களில் அவள் செல்போன் டார்ச்சை அவர் தோளுக்கு மேல் நீட்டிப் பிடித்துக்கொண்டு வந்தாள். கை மாற்றி மாற்றிப் பிடிப்பாள். ஒருநாள் பல்பு வழியிலேயே அணைந்து, அவள் பையில் போனைத் தேடுவதற்குள், கொட்டிக்கிடந்த ஜல்லியில் வண்டி ஏறிச் சாய்ந்தது. பெரிய அடி இல்லை. அவள் முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. அவள் கத்தவில்லை. புடவையைத் தட்டிக்கொண்டே சொன்னாள்:

"நாளையிலிருந்து நான் ஆலை வேன்ல வந்துக்கிறேங்க. நீங்க அலைய வேண்டாம்."

அவருக்குச் சுருக்கென்று தைத்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். "அலைய வேண்டாம்" என்ற அந்தக் கரிசனத்தைத்தான் தாங்க முடியவில்லை.

சொன்னபடி அவள் வேனில் வந்தாள். பின் சீட் காலியாக இருந்ததில் வண்டி லேசாகத்தான் ஓடியது, அவருக்குத்தான் கனத்தது. அவள் முன்னைவிடச் சிரித்த முகமாக வீட்டுக்குள் வருவது போலவும் அவருக்குத் தோன்றியது. வேனில் ஜன்னல் ஓரம் கிடைத்துவிட்டதாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வாசலில் ஹெட்லைட்டைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தார். புது பல்பு. டப்பாவைக் கிழித்து எறிந்துவிட்டு, இடுப்புத் துணியை எடுத்துக் கண்ணாடிக் குமிழைச் சுற்றிச் சுற்றித் துடைத்தார். குழந்தைக்குத் தலை துவட்டுகிற மாதிரி அவ்வளவு பொறுமை. டீ கொண்டுவந்த மனைவி நின்று பார்த்தாள்.

"என்னங்க செய்றீங்க?"

"துடைக்கிறேன்."

"இந்தத் துணியிலயா?"

"எப்பவும் இதுலதானே."

அவள் டீயைக் கீழே வைத்துவிட்டு, பல்பை அதன் உலோக அடியில் பிடித்து வாங்கி வெளிச்சத்தில் திருப்பினாள். கண்ணாடி மேல் எண்ணெய் வானவில்லாக ஓடியது.

"எங்க ஆலையில லென்ஸைச் சூட்டு அறைக்குள்ள அனுப்புவோம். ஒரு விரல் பட்டிருந்தாலே போதும், அந்த இடம் வெந்து தழும்பாகி வரும். விரல் வெச்சவளுக்கு அன்னைக்கு அர்ச்சனைதான். இதுவும் கண்ணாடிதானே? எரியறப்போ எவ்வளவு சூடாகும்?"

அவர் எறிந்த டப்பாவை எடுத்து ஒட்டவைத்துப் பார்த்தார். அதன் பக்கவாட்டில் ஒரு கை, அதன் மேல் குறுக்குக் கோடு. அந்தப் படத்தை ஒவ்வொரு டப்பாவிலும் பார்த்திருக்கிறார். குழந்தைகள் கையில் கொடுக்காதே என்று அர்த்தம் பண்ணி, அவ்வளவு பல்பையும் டியூஷன் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் பத்திரமாக வைத்திருக்கிறார்.

"அடப்பாவி" என்றார் தன்னைப் பார்த்தே. "சாலை போட்டவனை எவ்வளவு திட்டியிருக்கேன்."

அவள் சிரித்துச் சிரித்து வாசல் படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு உள்ளே போய் லென்ஸ் துடைக்கும் தாளும் கொஞ்சம் ஸ்பிரிட்டும் எடுத்துவந்து பல்பைத் துடைத்து, தாளால் பிடித்தபடியே தானே மாட்டினாள். அந்த வண்டியில் முதல்முறையாக வேறொரு கை பட்டது. அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அப்போ நாளைக்கு வாசல்ல நிக்கட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஒரு மாசம் எரியட்டும். அப்புறம் பார்க்கலாம்."

பல்பு எரிந்தது. அவருக்குத்தான் அந்த மாதம் நகரவில்லை. மனைவி வைத்தது பல்புக்குத்தான் கெடுவா, இல்லை வேன் பழகிவிட்டதா என்று ஒரு பயம் உள்ளே அரித்தது. லைட்டைச் சோதிக்கிறேன் என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, தினமும் ஆலை வாசலுக்குச் சற்றுத் தள்ளி நின்றார். வேன் கிளம்பியதும் பின்னாலேயே போனார். நல்ல வெளிச்சம் வேண்டும் என்று ஹெட்லைட்டை உயர்த்தியே வைத்திருந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்துச் சொந்தப் பெண்டாட்டியின் வேனைத் துரத்துகிற மனிதன் உலகத்தில் நான் ஒருத்தன்தான் இருப்பேன் என்று ஹெல்மெட்டுக்குள் சிரித்துக்கொண்டார். ஆனாலும் துரத்தினார்.

ஒரு மாலை, பாலம் தாண்டியதும் வேன் ஓரம்கட்டி நின்றது. இவரும் பிரேக் பிடித்தார். டிரைவர் இறங்கி வந்து சட்டையைப் பிடிக்கப் போகிறார் என்றே நினைத்தார். என்ன சமாதானம் சொல்வது என்று யோசிப்பதற்குள் கதவு திறந்தது. இறங்கியவள் அவள். ஜன்னல்களில் எல்லா முகங்களும் இந்தப் பக்கம் திரும்பியிருந்தன.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் வெளிச்சத்துக்குள் நடந்து வந்தாள்.

"தினமும் எவனோ பின்னாடியே வர்றான், போலீஸ்ல சொல்லப் போறேன்னு டிரைவர் கிளம்பிட்டாரு. அது எங்க வீட்டுக்காரர்தான், விட்டுடுங்கன்னு சொன்னேன்."

"எல்லாரும் சிரிச்சாங்களா?"

"சிரிக்காம?"

வேன் போய்விட்டது. அவள் ஏறி உட்கார்ந்தாள். உடனே கிளப்பச் சொல்லவில்லை.

"ஜன்னல் ஓரம் குடுத்தாங்க. காத்து நல்லா வருது. பக்கத்துல இருக்கிறவங்க நல்லாப் பேசுறாங்க. எனக்குத்தான் அங்க யார்கிட்டயும் ஒண்ணும் சொல்ல வரலை" என்றாள்.

தன்னைக் கிண்டல் செய்து ஏதாவது சொல்லிவிடலாம் என்று அவர் வாயைத் திறந்தார்.

"ம்" என்றார்.