‘ஆண்’ கட்டத்தில் போட்ட டிக்

வீடியோ கேம் ஆராய்ச்சி நடக்கும் ஒரு கல்லூரியில் அவளுக்கு வேலை. யார் எத்தனை மணி நேரம் விளையாடுகிறார்கள் என்று வீடு வீடாகப் போய் எழுதிக்கொண்டு வர வேண்டும். வீட்டில் அவளுக்கு ‘ஃபார்ம்காரி’ என்றே பெயர். கேம் ஐடி யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் விளையாடுகிறவர். இது ஆபீஸ் விதி. இந்த மகா விதியை எழுதிய புண்ணியவான்கள் ஒரு வீட்டுக்குள்ளாவது எட்டிப் பார்த்திருப்பார்களா என்ன!

சொந்த அக்கா வீட்டுக்கும் போனாள். வாஷிங் மெஷின் ஓடுகிற முக்கால் மணி நேரம் அக்காவுக்குக் கேம் பெட்டியில் கார் ரேஸ்தான். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாளானால் வளைவில்கூட பிரேக்கைத் தொடமாட்டாள். ஐடி மட்டும் மாமா பெயரில். அந்த மனிதருக்கு டிவி சத்தத்தைக் குறைக்கவே பத்து நிமிஷம் பிடிக்கும்.

“என் பேரப் போடேன்டி,” என்றாள் அக்கா.

“ஐடி மாமா பேர்லல்ல இருக்கு. நான் என்னக்கா பண்றது?”

ஆண் என்ற கட்டத்தில் ஒரு டிக். ‘பெண்: விளையாடுவதில்லை.’ முடிந்தது வேலை.

மூன்று மாதத்தில் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. அதிக நேரம் ஆடுகிற பத்துப் பேருக்குப் புது கேம்களைச் சோதித்துப் பார்க்கும் வேலையாம். வேலைக்குப் போக வேண்டும் என்று அக்கா எத்தனை வருஷமாகத் தவம் கிடந்தாள். கடிதம் மாமா பெயருக்கு வந்திருந்தது.

“பேரு என்னோடதுதானே,” என்று அவர் கிளம்பிவிட்டார்.

கல்லூரியில் ஆடிக் காட்டச் சொன்னார்கள். முதல் வளைவிலேயே திரையில் கார் சுவரில் மோதியது. எல்லோரும் சிரித்தார்கள். ஃபார்ம்காரியும் அங்கேதான் நின்றிருந்தாள். ஆடுவது அக்கா என்று சொல்ல வாயெடுத்தாள். தெரிந்தே தப்பாக எழுதினாயா என்று கேட்டால் தன் வேலை போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டாள். மாமா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். அன்றைக்கே கேம் பெட்டியைத் தூக்கி யாருக்கோ கொடுத்துவிட்டார்.

அன்று முதல் ஃபார்ம்காரிக்கு மனசே ஆறவில்லை. ஆபீஸில் மல்லுக்கட்டி, ‘உண்மையில் ஆடுவது யார்?’ என்று ஒரு கேள்வியைச் சேர்க்கவைத்தாள். மறு வருஷம் புது ஃபார்மோடு முதலில் அக்கா வீட்டுக்குத்தான் ஓடினாள்.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா அதன் எதிரே சும்மா உட்கார்ந்திருந்தாள்.

“இப்ப ஆடறது யாருன்னே தனியா கேக்கறோம்க்கா. உன் பேரச் சொல்லு.”

“நான் எங்கடி ஆடறேன்? இல்லன்னே போட்டுக்கோ.”

போன வருஷம் பொய்யாக எழுதிய அதே வரியை, இந்தத் தடவை உண்மையாகவே எழுதினாள்.