எழுந்தா அவுட்டு

கீரை பிடுங்குகிறவர்கள் உட்கார மாட்டார்கள், நிற்கவும் மாட்டார்கள். குந்துவார்கள். பாத்தியின் ஈரத்தில் உட்கார்ந்தால் துணி நனையும். நின்றபடி குனிந்தால் மதியத்துக்குள் இடுப்பு போய்விடும். ஆகவே பாதம் இரண்டையும் பதித்து, முட்டியை மடக்கி, நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே பிடுங்க வேண்டும்.

மாதவரத்துக்கு அப்பால் ஏரியை ஒட்டிய அந்தக் கீரைத் தோட்டத்துக்கு நானும் என் தங்கச்சியும் ஒரே நாளில்தான் வேலைக்குச் சேர்ந்தோம். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. எண்ணூர்க் கழிமுகத்தில் எங்கள் அப்பாவின் வலையில் மீனைவிட அனல்மின் நிலையச் சாம்பல் அதிகமாக ஏற ஆரம்பித்த வருஷம் அது. திருவொற்றியூரிலிருந்து மணலி வழியாக ஷேர் ஆட்டோ. ஓட்டுநருக்குப் பக்கத்தில் அரை இருக்கையில் தொங்கிக்கொண்டு நான், பின்னால் ஆறு பேர் மடியில் அவள்.

முதல் வாரத்திலேயே முதலாளி என்னைப் பாத்தியிலிருந்து துரத்திவிட்டார். நான் இழுத்தால் வேர் மண்ணிலேயே தங்கிவிடும், தழை மட்டும் கையோடு வரும். "உன் கையில கீரை இல்ல நைனா, மொட்டை அடிக்கிற கத்தி கீது" என்றார். பிடுங்கிப் போட்டதை எல்லாம் சேர்த்துக் கட்டி, அலசி, வண்டியில் ஏற்றுவது என் வேலை ஆயிற்று. அதாவது, மற்றவர்கள் குந்திக்கிடக்க, நான் வரப்பில் உலாத்துகிறவன். வாய் சும்மா இருக்குமா?

பாத்தி நடுவில் யாராவது எழுந்து காலை நீட்டினால் உடனே வர்ணனை ஆரம்பிப்பேன். "இதோ, மகாராணி எழுந்தருளிட்டாங்க! அரண்மனைக்குப் பல்லக்கு ரெடியா?" எல்லோரும் சிரிப்பார்கள். எழுந்தவள் வெட்கத்தில் மறுபடி குந்திவிடுவாள். இரண்டு மாதத்தில் அது ஒரு ஆட்டமாகவே ஆகிவிட்டது. பாத்தி முடிவதற்கு முன்னால் எழுந்தால் அவுட்டு. அவுட்டானவர் மற்றவர்களின் கூடைகளையும் தூக்க வேண்டும். இந்தச் சட்டத்தை எழுதிய மேதை நான்தான். முதலாளிக்கு ஒரே சந்தோஷம். அதுவரை "குந்துங்க, குந்துங்க" என்று கத்திக்கொண்டிருந்த மனுஷன், பிறகு நாற்காலி போட்டு டீ குடிக்க ஆரம்பித்தார். அவர் கத்த வேண்டியதை நான் சிரிக்கவைத்துச் செய்துகொண்டிருந்தேன். அதற்குத் தனிக் கூலிகூடக் கிடையாது.

தங்கச்சி ஒரு தடவைகூட அவுட் ஆகவில்லை. எட்டு வருஷம். சேம்பியன் என்றே கூப்பிடுவார்கள். புதிதாக வருகிற பெண்களிடம், "இவள பாத்து கத்துக்கோங்கடி. கூட பொறந்தவன் கையால ஆவாதவன், இவ இப்டி" என்பார்கள். நானும் பெருமையாகத் தலையாட்டுவேன்.

வீட்டில் அவள் இரண்டாம் மாடிக்கு ஏறும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்து ஏறினாள். கேலி செய்தேன். காலை மடித்து உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டுக் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டாள். "கலெக்டரம்மா டைனிங் டேபிள் கேக்குறாங்க" என்றேன். தைலம் வாசம் வந்தபோது, யாருக்கோ ஜலதோஷம் என்று நினைத்தேன். என் மூக்குக்கு அவ்வளவுதான் மூளை.

போன ஆடி மாதம் ஒரு காலை. முளைக்கீரைப் பாத்தி, நீளமானது. அவள்தான் முதலில் முடித்தாள். முடித்தவள் எழுந்திருக்கவில்லை, குந்தியபடியே இருந்தாள். கர்வம் காட்டுகிறாள் என்று நினைத்தோம். எல்லோரும் கை தட்டினார்கள். நான் கூடையைக் கவிழ்த்து மேளம் அடித்தேன்.

"சேம்பியன் எழுந்திருக்க மாட்டாங்களாம். அடுத்த பாத்தியையும் குந்திகினே முடிப்பாங்களாம்!"

அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முகம் கோணியது.

"போதும்மா, சீன் போடாத, எழுந்துரு" என்றேன்.

"அண்ணா" என்றாள், மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "கால் வர்ல."

மேளம் அடித்த கையாலேயே அவளைத் தூக்கினேன். முட்டி இரண்டும் தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தன.

ராயபுரம் பக்கம் அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் என்னைவிடச் சின்னப் பெண். படத்தை விளக்குப் பலகையில் மாட்டிவிட்டு, தங்கச்சியின் சீட்டில் இருந்த வயதை இரண்டு தடவை பார்த்தார்.

"இருபத்தேழா? எலும்புக்கு நடுவுல இருக்கற மெத்தை ரொம்பத் தேஞ்சிருக்கும்மா. இந்தப் படத்த அறுபது வயசுக்காரங்ககிட்ட பாப்பேன்."

"எல்லாரும்தானே குந்துறாங்க டாக்டர்" என்றேன்.

"குந்தலாம். அப்படியே கிடக்கக் கூடாது. அப்பப்ப எழுந்து காலை நீட்டி நடந்தாலே பாதி தப்பிச்சிருக்கும். குட்டையா ஒரு ஸ்டூல் போட்டிருக்கலாம். வலி வந்த அன்னிக்கே சொல்லியிருக்கலாம்." பிறகு அவளிடம், "நடுவுல எழுந்திருக்கவே மாட்டீங்களா? யாராவது திட்டுவாங்களா?" என்று கேட்டார்.

தங்கச்சி என்னைப் பார்க்கவில்லை. "யாரும் திட்ட மாட்டாங்க மேடம்" என்றாள்.

எனக்கும் லேசாக வலிக்கிறது என்று சொல்லி என் முட்டியையும் காட்டினேன். அவளுக்கு ஒரு துணை மாதிரி இருக்கட்டும் என்றுதான். டாக்டர் அமுக்கிப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார். "உங்களுது நல்லாத்தான் இருக்கு" என்றார். இருக்காதா? எட்டு வருஷம் நின்றுகொண்டே இருந்தவன். ஆட்டத்தை எழுதியவன் ஆட்டத்துக்குள் இல்லை.

குந்தவே கூடாது, கரடுமுரடான இடத்தில் நடக்கக் கூடாது, மாடி ஏறுவதைக் குறைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அதற்கு மேல் போனால் கத்திதான், அதற்கும் இது வயசில்லை என்றார்.

மறுவாரம் தச்சரிடம் சொல்லி ஜாண் உயரத்துக்கு ஆறு ஸ்டூல் செய்து தோட்டத்துக்குத் தூக்கிப் போனேன். ஈரத்தில் கால்கள் புதைந்தன. அகலப் பலகை அடித்து மறுபடி கொண்டுபோனேன். பெண்கள் அதன்மேல் தண்ணீர் பாட்டில் வைத்தார்கள். அரை மணிக்கு ஒரு தடவை விசில் ஊதினேன். விசிலுக்கு எழுந்திருக்காதவர்தான் இனி அவுட்டு என்று புதுச் சட்டம் போட்டேன்.

"அண்ணாத்தே, போர் அடிக்காத. பழைய ஆட்டமே ஷோக்கா கீது" என்றாள் ஒருத்தி. போன வருஷம் வந்தவள், பதினெட்டு வயது. தங்கச்சி இல்லாததால் இப்போது அவள்தான் முதலில் முடிக்கிறாள்.

"முட்டி போய்டும்மா."

"எனுக்குத்தான் வலிக்கவே இல்லியே!"

உண்மைதான். அந்த வயதில் வலிக்காது. முதலாளியிடம் போனேன். "ஆட்டத்த கெளப்பி வுட்டதே நீதானப்பா. இப்ப விசில் ஊதி என் வேலையக் கெடுக்குற" என்றார். விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து தங்கச்சியிடம் சொன்னேன். "என்ன இட்டுகினு போ" என்றாள். டாக்டர் சொன்னதை நினைவுபடுத்தினேன். "ஒரு நாளு" என்றாள்.

ஆட்டோவிலிருந்து அவளை இறக்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. என் தோளைப் பிடித்துக்கொண்டு வரப்பில் ஒவ்வொரு அடியாக வந்தாள். முதலில் பார்த்தது அந்தப் பதினெட்டு வயதுப் பெண்தான். கையில் இருந்த கீரையைப் போட்டுவிட்டு எழுந்தாள். பிறகு பக்கத்துப் பாத்தி, அதற்கடுத்த பாத்தி. எல்லோரும் எழுந்து நின்றார்கள். நான் விசில் ஊதவில்லை.

"இன்னாங்கடி பாக்குறீங்க" என்றாள் தங்கச்சி. "நல்லா பாருங்க. இன்னும் கொஞ்சம் கிட்ட வரட்டுமா?"

யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் ஓடிவந்து, தண்ணீர் பாட்டில் வைத்திருந்த ஸ்டூலைக் காலிசெய்து கொண்டுவந்து போட்டாள். அவ்வளவு தாழ்வில் தங்கச்சியால் உட்கார முடியாது என்பது யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். அவள் பாதி இறங்கினாள். முட்டி மறுத்தது. பிடித்து நிமிர்த்தினேன்.

திரும்பும்போது ஓட்டுநர் முன் இருக்கையை முழுசாக அவளுக்கு விட்டார். மணலி தாண்டுவதற்குள் முட்டி மறுபடி வீங்கத் தொடங்கியிருந்தது, கையால் மூடி வைத்திருந்தாள்.

"தோட்டத்துல அந்தப் பொண்ணுங்க அவ்ளோ நேரம் நின்னுகினு இருந்துச்சுங்களே, கால் வலிச்சா?"

"இல்லம்மா. உன்னப் பாத்துதான்."

முட்டியிலிருந்து கையை எடுத்தாள்.

"அப்ப நாளைக்கும் இட்டுகினு போ" என்றாள்.