குரல் போட்டுச் சொல்லு

“நம்ம பேச்சு அவளுக்குக் கசந்துபோச்சு. தொரசானி ஆகத்தானே பெரிய பெரிய வார்த்தையா படிச்சா? இப்ப காலேஜுக்குப் போறாளாம்,” என்றாள் பக்கத்து வீட்டு எல்சி, கொடியில் போர்வையை உதறிப் போட்டபடி.

“வினிஃபிரட் ஒரு வார்த்தையாவது உங்கிட்ட பெருமையாப் பேசினாளா?” என்றாள் நெல்லி.

“இல்ல. அதைத்தான் திமிருங்கறேன்.”

“திமிரும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவ அந்த வார்த்தையெல்லாம் வாய்விட்டே சொன்னதில்லடி.”

நெல்லிக்கு அது தெரியும். நெசவாலையில் அவளுக்கும் வினிஃபிரட்டுக்கும் பக்கத்துப் பக்கத்துத் தறி. இங்கிலாந்தின் லங்காஷரில் தறி ஓடும் இரைச்சலில் குரல் எடுபடாது. உதட்டை அகலமாக அசைத்தே எல்லாரும் பேசிக்கொள்வார்கள். பொரித்த மீனைச் சுற்றித் தரும் செய்தித்தாளில் புரியாத சொல் கண்டால், வினிஃபிரட் நூலகத்துக்குப் போய் அர்த்தம் பார்த்துவருவாள். மறுநாள் உதட்டசைவில் நெல்லிக்குச் சொல்லிக் காட்டுவாள். ‘மேக்னானிமஸ்’ என்றால் பெருந்தன்மை. எழுத்துத் தெரியாத நெல்லியும் அதை அப்படித்தான் படித்தாள்.

தொழிலாளருக்கான கல்லூரியில் ஓர் இலவச இடம் இருந்தது. நேர்காணலில் சாதாரணப் பேச்சு ஒழுங்காகத்தான் வந்தது. படித்த சொற்களைச் சொல்லப்போனபோதுதான் வினிஃபிரட்டின் உதடு மட்டும் அசைந்தது, குரல் எழவில்லை. ஐயாமார் தண்ணீர் கொடுத்து, அடுத்த வாரம் இன்னொரு தடவை வரச் சொன்னார்கள். அதற்குமேல் வாய்ப்பு கிடையாது.

அன்று மாலை வினிஃபிரட் வீட்டுக்கு வந்ததும், நெல்லி தன் அடுப்படி நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

“நான் உன் வாயைப் பாக்கமாட்டேன். குரல் போட்டுச் சொல்லு.”

“திரும்புடி நெல்லி. வெக்கமா இருக்கு.”

“எம் முதுகுகிட்ட என்ன வெக்கம்?”

கெட்டில் கொதித்து அடங்கிற்று. பிறகு முணுமுணுப்பாக ஒரு சொல் வந்தது.

“செவுத்துக்கே கேக்கல. இன்னொரு தரம்.”

அந்த வாரம் முழுக்க அதே கூத்து. சத்தமாக வெளியே வரும் ஒவ்வொரு சொல்லும் தோழியைத் தன்னிடமிருந்து தள்ளிக் கொண்டுபோகிறது என்று நெல்லிக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இடம் கிடைத்தது.

புறப்பட்ட அன்று வினிஃபிரட் பெட்டியோடு வாசலைத் தாண்டினாள். கண் கலங்குவதைக் காட்டக்கூடாதென்று நெல்லி தன் வீட்டுக் கதவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

“நெல்லி, நீ மேக்னானிமஸ்டி.”

தெரு முழுக்கக் கேட்டது. எல்சி வீட்டு ஜன்னல் திறந்தது. நெல்லி திரும்பவில்லை.

“இப்பக் கேக்குது,” என்றாள் கதவிடம். “போ. பஸ் வந்துடும்.”