வேல்ஸுக்குப் போகும் பேனர்

கும்மிடிப்பூண்டியில் என் மகளின் பிறந்தநாள் பேனருக்காகக் கடையில் காத்திருந்தபோது அவரைப் பார்த்தேன். தொழிற்சாலைச் சீருடை, நரைத்த மீசை. மடியிலிருந்த ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கணினித் திரையில் அவர் கேட்ட நினைவஞ்சலி பேனர்: ஒரு வெள்ளைக்காரர், அருகில் சேலை கட்டிய பெண், கீழே பேரப்பிள்ளைகள்.

"எங்க தாத்தாவோட அப்பன் மேடம். ரயில் பாதை போட வந்தவன், வயித்துல புள்ளையோட கட்டுன பொண்டாட்டி இவங்கள உட்டுட்டு சீமைல அவன் ஊரு வேல்ஸுக்கு ஓடிட்டான். மவன் நெட்ல கல்லறைய கண்டுபுடிச்சிட்டான். லீவுல குடும்பத்தோட போயி அங்க இத கட்டப்போறோம்."

"போலீஸ் பிடிக்காதா சார்?"

"புடிக்கட்டும். நீ யாருன்னு கேப்பான்ல? அதுக்குத்தான் போறதே."

மேலே ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதித் தரச் சொன்னார். 'அன்பு நினைவில்' என்ற பொருளில் எழுதினேன்.

"அன்பா? அவனுக்கா? அத அடிச்சி உடுங்க."

அடித்துவிட்டு, 'உன் மனைவியும் குடும்பமும் வந்திருக்கிறோம்' என்று எழுதினேன். அந்த வெள்ளைக்காரருக்கு அங்கே வேறு குடும்பம் இருந்தால் அவர்கள் மனம் நோகுமே என்றும் கேட்டேன்.

"கல்லறைக் கல்லுலயே அந்த ஊரு பொண்டாட்டி பேரு இருக்குது. அவங்களும் தெரிஞ்சிக்கட்டும்," என்றார், துடைப்பதை நிறுத்தாமல்.

என் தயக்கம் இன்னும் போகவில்லை. ஆனால் மனைவி என்ற சொல்லை மட்டும் பெரிய எழுத்தில் போடும்படி கடைக்காரரிடம் சொன்னவள் நான்தான்.