ஒரு நீளம், இரண்டு குட்டை

செத்தவன்மேல் பொறாமைப்படுகிற ஆளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். என் கடைக்குப் பக்கத்து ஷெட்தான். பெயர் பெரியண்ணன். ஏற்காட்டில் நாகலூர் ரோட்டில் கார் எலக்ட்ரீஷியன்.

இது கட்டுக்கதை இல்லை. நடுராத்திரியில் நடந்ததும் இல்லை. போன ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை, பட்டப்பகல் இரண்டு மணிக்கு மேல் நடந்தது. கொஞ்சத்தை என் காதாலேயே கேட்டேன். மீதியைப் பெரியண்ணன் சொன்னான். சொல்லி முடிக்கிற வரைக்கும் என் கையை விடவில்லை. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், எனக்கொன்றும் நஷ்டமில்லை.

அவன் பொறாமையெல்லாம் எல்வின்மேல்தான். ஒண்டிக்கடை ரவுண்டானாப் பக்கம் ஷெட் போட்டிருந்த இன்னொரு எலக்ட்ரீஷியன். பெரியண்ணன் அரை நாள் மீட்டரும் கையுமாக அலைந்து தேடும் பழுதை எல்வின் பத்தே நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவான். ஊரே அதைத்தான் பேசும். பெரியண்ணனின் மனைவி கவிதாவே பேசுவாள். "ஏனுங்க, எல்வின் அண்ணங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்." அவ்வளவுதான், அன்றைக்கு இவனுக்குச் சோறு இறங்காது. வயிறு பற்றி எரியும்.

ஜனவரியில் எல்வின் செத்துப்போனான். சேலம் மலைப்பாதையில், பதினோராவது கொண்டை ஊசி வளைவில், பனிமூட்டத்தில் லாரி மோதி.

அதோடாவது இவன் வயிற்றெரிச்சல் அடங்கியதா? எங்கே! "எல்வின் இருந்திருந்தா..." என்று ஊர் ஆரம்பித்துவிட்டது. உயிரோடு இருப்பவனை என்றைக்காவது ஒருநாள் ஜெயித்துவிடலாம். செத்தவனை எப்படி ஜெயிப்பது?

அந்த வியாழக்கிழமை மாரமங்கலத்திலிருந்து சிவசக்தி காரை எடுத்துக்கொண்டு வந்தாள். சுற்றுலா வருகிறவர்களுக்கு விடுதி நடத்துகிற பெண். மொத்தம் நான்கு கார்கள். நான்கும் எல்வின் கை பார்த்தவை.

"ஸ்டேரிங்ல இருக்கிற பட்டனெல்லாம் தானா வேலை செய்யுதுங்க. பாட்டுச் சத்தம் தானா ஏறுது. தொடாமயே ஆரன் அடிக்குது. மூணு பேரு பாத்துட்டாங்க, ஒண்ணும் புரியல. எல்வின் அண்ணன் இருந்திருந்தா..."

"நாலு மணிக்கு வாங்க," என்றான் பெரியண்ணன், வெடுக்கென்று.

இந்த ஒன்றை முடித்துவிட்டால் போதும். நான்கு காரும் இனி அவனிடம்தான். ஊர் வாயும் அடைபடும்.

2:05. பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டான். ஸ்டேரிங்கைத் திறப்பதற்கு முன் அப்படிச் செய்து பத்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ஏர்பேக் முகத்தில் வெடித்துவிடும். அந்தப் பத்து நிமிஷத்தை வீணாக்குவானேன் என்று, ஸ்டேரிங்குக்குக் கீழே வரும் ஒயரில் மீட்டரை மாட்டினான். எல்லாப் பட்டனுக்கும் அந்த ஒரே ஒயர்தான். எந்தப் பட்டனை அமுக்கினால் மீட்டரில் என்ன எண் வரும் என்று அவனுக்குத் தெரியும். எதையும் தொடாவிட்டால் மூவாயிரம். சத்தத்தைக் கூட்டும் பட்டனுக்கு முந்நூறு.

மூவாயிரம் காட்டியது. சரி.

2:09. பனி இறங்கி ஷெட்டுக்குள் நுழைந்தது. எங்கள் ஊரில் அது வழக்கம்தான். எதிரே இருந்த மரம் மறைந்தது, ரோடு மறைந்தது.

மீட்டர் முந்நூறுக்கு இறங்கியது. மூவாயிரத்துக்கு ஏறியது. மறுபடியும் முந்நூறு.

யாரோ கட்டைவிரலால் அமுக்கி அமுக்கி விடுகிறார்கள்.

'ஈரம் ஏறியிருக்கும்' என்று சொல்லிக்கொண்டான். சத்தமாகவே சொல்லிக்கொண்டான்.

2:16. ஏர்பேக்கை எடுத்தான். இரண்டு பக்கத்துப் பட்டன்களையும் கழற்றிப் பெஞ்சில் வைத்தான். இனி அமுக்குவதற்கு ஒன்றுமே இல்லை. மீட்டரில் எண்ணே வரக்கூடாது.

முந்நூறு.

முந்நூறு...

2:19. ஹாரன் அடித்தது.

பேட்டரி ஒயர் கழன்றுதான் கிடந்தது. காரில் ஒரு சொட்டுக் கரண்ட் இல்லை. ஆனாலும் அடித்தது.

ஒரு நீளம்... இரண்டு குட்டை.

என் கடையில் உட்கார்ந்திருந்த நானும் கேட்டேன். அப்படி ஹாரன் அடித்தவன் இந்த மலையில் ஒருத்தன்தான். இருபது வளைவுக்கும் அதே மாதிரி அடித்துக்கொண்டேதான் ஏறி வருவான்.

ஷெட்டுக்குப் பின்னால் இருக்கும் வீட்டிலிருந்து கவிதாவின் குரல் வந்தது.

"ஏனுங்க, எல்வின் அண்ணன் வந்துட்டாப்ல இருக்குது, டீ வெக்..."

பாதியில் நின்றுவிட்டது.

வேறு யாராவதாக இருந்தால் எடுத்திருப்பான் ஓட்டம். இவன் ஓடவில்லை. "செத்தும் என்னை ஜெயிக்கப் பாக்கறயாடா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு, நட்டைக் கழற்றி ஸ்டேரிங்கையே உருவிவிட்டான். பொறாமை பயத்தையும் தின்றுவிடும் போலிருக்கிறது.

அடியில் கிளாக் ஸ்பிரிங் இருந்தது. உள்ளங்கையில் அடங்கும் கறுப்பு வட்ட டப்பா. உள்ளே ஒயர் நாடா சுருண்டிருக்கும். ஸ்டேரிங்கைத் திருப்பத் திருப்ப அது சுற்றும், பிரியும். பட்டனோ ஹாரனோ, எல்லாமே இதன் வழியாகத்தான் போக வேண்டும்.

நாடா இரண்டாக அறுந்து கிடந்தது.

அப்படியானால் ஹாரன் எப்படி அடித்தது?

டப்பாவில் செம்மண். ஈர மண். ஸ்டேரிங்குக்குள் மண் எப்படி வரும்?

விரலால் துடைத்தான். வெள்ளை மார்க்கரில் ஓர் எழுத்து.

'பெ'.

அவன் கையெழுத்து.

ஷெட்டுக்கு வாங்கும் ஒவ்வொரு சாமானிலும் அப்படி எழுதி வைப்பது அவன் பழக்கம். ஜனவரியில் எல்வின் ஓடி வந்து, ஒரு டாக்சிக்கு அவசரமாகக் கிளாக் ஸ்பிரிங் கேட்டான். பெரியண்ணன் கொடுத்தான். கொடுப்பதற்கு முன் உள்ளே போய் ஒரு காரியம் செய்தான். புதுச் சாமானில் நாடா சரியாக நடுவில் நிற்கும். அது அசையாமல் இருக்க ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். இவன் ஸ்டிக்கரை நோகாமல் பிரித்து, இரண்டு சுற்று ஒரு பக்கமாகத் திருகி, பழையபடி ஒட்டிவிட்டான். பார்த்தால் தெரியவே தெரியாது. ஸ்டேரிங்கை முழுசாக ஒடித்ததும் நாடா அறுந்து ஹாரன் செத்துவிடும். 'எல்வின் மாட்டினது ஒரே நாளில் போச்சு' என்று ஊர் சிரிக்க வேண்டும். அதற்குத்தான் செய்தான். பாவி, எல்வின் அந்த டாக்சியை ஓட்டிப் பார்க்க மலைப்பாதையில் இறங்குவான் என்று யோசிக்கவில்லை.

2:40. பனி விலகியது. மீட்டரில் எண் எதுவும் இல்லை.

புதிதாக ஒன்றை மாட்டினான். எல்லாம் சரியாக வேலை செய்தது. நாலு மணிக்கு வந்த சிவசக்தியிடம் கேட்டான்.

"இந்த ஸ்டேரிங்கை இதுக்கு முன்னால யாராவது கழட்டினாங்களா?"

"இல்லீங்களே. கம்பெனியில இருந்து வந்தது அப்படியே இருக்குது. காலையில மலை மேல ஆரன் அடிச்சுக்கிட்டுத்தானுங்க வந்தேன்."

5:30. அறுந்த டப்பாவைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, எல்வினின் மனைவி தேவகுமாரியிடம் போனான். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனான். அவள் இவனைப் பார்த்ததும் அழுதாள்.

"அவரு உங்களைப் பத்தி நொம்பப் பெருமையாச் சொல்லுவாருங்க. பெரியண்ணன் குடுத்த சாமான்னா கண்ணை மூடிக்கிட்டு மாட்டலாம்னு."

பெரியண்ணன் கேட்டான்.

"அன்னைக்கு நான் குடுத்த அந்தச் சாமான்... கறுப்பா, வட்டமா... அந்த டாக்சியிலதான் இருக்குதுங்களா?"

"அதுங்களா? ஆரன் அடிக்கலைன்னு அந்த வளைவுல ஓரங்கட்டி, அதைக் கழட்டிக் கையில வெச்சுப் பாத்துக்கிட்டு இருந்தாராம். அப்பத்தான் லாரி..." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "வலது கையில இறுக்கிப் புடிச்சிருந்தாருங்க. ஆஸ்பத்திரியிலயும் விரலை விரிக்க முடியல. அதோடயே பெட்டியில வெச்சுப் பொதைச்சுட்டோம்."

பை அவன் மடியில் இருந்தது. அவன் எதையும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டான்.

சிவசக்தியின் நான்கு கார்களும் இப்போது அவனிடம்தான் வருகின்றன. "அப்படியே எல்வின் கை" என்று ஊர் மெச்சுகிறது. அவன் சேலம் போக வேண்டுமென்றால் அந்தப் பதினோராவது வளைவைத் தவிர்த்து, குப்பனூர் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போகிறான்.

போன வாரம் கவிதா என் கடைக்கு வந்தாள்.

"தூக்கத்துல வலது கையை இறுக்கி மூடிக்கறாருங்க. காலையில நான்தான் ஒவ்வொரு விரலா விரிச்சு விடறேன்."

தன் வலது கையை விரித்துக் காட்டினாள்.

"விரிச்சா... உள்ளங்கை பூரா செம்மண்ணுங்க."